அரண்மனைப் பல்லும் குடிசைப் பல்லும்

நம் வீடுகளில் குழந்தைக்கு முதற் பால்பல் விழும் நாள் ஒரு சிறு திருநாளைப் போன்றது. ஆடிய பல்லை நாவால் தள்ளித் தள்ளி, ஒரு நாள் அது கையில் வந்து விழுந்ததும், குழந்தை அதனை ஒரு செல்வம் போல் ஏந்திக்கொண்டு பாட்டியிடம் ஓடும். பாட்டி அதனைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியச் சொல்லுவார். பழைய பல் போனால் புதுப்பல் முத்துப்போல் முளைக்கும் என்பது அவர் நம்பிக்கை.

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் இதே நாள் வேறு விதமாகக் கொண்டாடப்படுகிறது. அங்கே குழந்தை விழுந்த பல்லைத் தலையணையின் கீழ் வைத்து உறங்கும். இரவில் பெரேஸ் என்னும் எலியார் வந்து பல்லை எடுத்துக்கொண்டு ஒரு நாணயத்தை வைத்துச் செல்வாராம். இந்த எலியாருக்குக் கதை வடிவம் தந்தவர் லூயிஸ் கொலோமா என்னும் இயேசு சபைக் குரு. ஸ்பெயின் நாட்டின் சிறுவ அரசர் பதின்மூன்றாம் அல்போன்சுக்கு எட்டு வயதில் பல் விழுந்தது. 1894-ஆம் ஆண்டையொட்டி, அவருக்காக அரண்மனையார் கேட்டுக்கொண்டபடி கொலோமா அடிகள் எழுதிய கதை அது.

கதையின் நடுவே ஒரு திருப்பம் உண்டு. பல் வாங்க வந்த எலியார் சிறுவ அரசரையும் எலியாக்கித் தம்மோடு அழைத்துச் செல்கிறார். மதில்களையும் பூனைகளையும் கடந்து, மாத்ரீத் நகரின் ஓர் ஏழைச் சிறுவன் படுத்திருக்கும் மச்சு அறைக்கு இருவரும் போய்ச் சேருகின்றனர். அங்கும் ஒரு பல் விழுந்திருக்கிறது. அங்கே ஒரு நாணயம் வைக்கப்படுகிறது. குளிரையும் வறுமையையும் முதன் முறையாகக் கண்ட அரசர், அரண்மனைக்குத் திரும்பி, அந்தச் சிறுவன் தம் சகோதரன் என்பதை உணர்கிறார்.

அரண்மனைப் பல்லுக்கும் குடிசைப் பல்லுக்கும் எலியார் ஒரே மதிப்பைத் தந்தார். இந்தக் கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி உறங்க வைக்கும் மக்களில் கோடிக்கணக்கானோர் இன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழ்கின்றனர். அந்நாடு அவர்தம் பற்களுக்கு என்ன மதிப்பைத் தந்திருக்கிறது? இதனையே இத்திங்கள் நாம் சிறிது ஆராய விழைகின்றோம்.

யார் இந்த மக்கள்?

2020-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி, அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஸ்பானிய, லத்தீன் அமெரிக்க மரபினர் 6 கோடியே 21 லட்சம் பேர். நூற்றுக்கு ஏறத்தாழ பத்தொன்பது பேர் என்று கொள்ளலாம். ஸ்பானிய மொழி மரபினர் என்ற பொருளில் 'ஹிஸ்பானிக்' என்றும், லத்தீன் அமெரிக்காவினின்று வந்தோர் என்ற பொருளில் 'லத்தீனோ' என்றும் இவர்களை அழைக்கின்றனர். ஆண்பால் பெண்பால் வேறுபாடு வேண்டாம் எனக் கருதுவோர் 'லத்தீனெக்ஸ்' என்கின்றனர். மெக்சிக்கோ, புவெர்த்தோ ரிக்கோ, கியூபா, எல் சால்வதோர், குவாத்தமாலா, தொமினிக்கக் குடியரசு எனப் பல நாடுகளின் வழிவந்தோர் இப்பெயர்களின் கீழ் அடங்குவர்.

இவர்கள் எல்லாரும் நேற்று வந்து குடியேறியவர்கள் என்று எண்ணுவது தவறு. சான் அந்தோனியோ, சாந்தா பே, லாஸ் ஏஞ்சலஸ் என்று அந்நாட்டு ஊர்கள் பல இன்றும் ஸ்பானியப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. மெக்சிக்கோவுடன் நடந்த போர் 1848-இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் முடிவுற்றது. அன்று கலிபோர்னியா முதலிய பரந்த நிலப்பகுதிகள் அமெரிக்காவின் கைக்குச் சென்றன. அங்கு வாழ்ந்த மக்கள் எல்லையைக் கடக்கவில்லை. எல்லையே அவர்களைக் கடந்து சென்றது. புவெர்த்தோ ரிக்கோ தீவு மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்களாய் இருக்கின்றனர். இரண்டாம் உலகப் போரின்போது வயல்களில் வேலைக்கு ஆள் கிடைக்காமற்போகவே, 1942 முதல் 1964 வரை மெக்சிக்கோவினின்று இலட்சக்கணக்கான உழவுத் தொழிலாளர் ஒப்பந்த அடிப்படையில் அழைத்து வரப்பட்டனர். கைகள் தேவைப்பட்டபோது அழைத்தவர்கள், அந்தக் கைகளோடு வாயும் வயிறும் பல்லும் வருமே என்பதை எண்ணிப் பார்த்தார்களா என்பதே கேள்வி.

இவர்தம் பண்பாட்டைப் போற்றும் பொருட்டு 1968-இல் ஒரு வாரம் ஒதுக்கப்பட்டது. 1988-இல் அது ஒரு மாதமாக விரிந்தது. ஆண்டுதோறும் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை அந்தப் பாரம்பரிய மாதம். நடு அமெரிக்க நாடுகள் ஐந்து 1821-இல் விடுதலையை அறிவித்த நாள் செப்டம்பர் 15. தொலோரெஸ் என்னும் ஊரின் பங்குக் குரு மிகேல் இதால்கோ 1810-இல் ஆலய மணியை அடித்து மெக்சிக்கோ மக்களை விடுதலைப் போருக்கு அழைத்த நாள் செப்டம்பர் 16. அம்மாதத்தில் பள்ளிகளில் இசை முழங்கும், ஆடல் நடைபெறும், மக்காச்சோள ரொட்டியும் பலகாரங்களும் பரிமாறப்படும்.

இவையெல்லாம் நல்லவையே. ஆனால் பரிமாறப்பட்ட உணவை மெல்ல அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல பல் இருக்கிறதா?

கணக்குகள் கூறுவது

அமெரிக்க நோய்த் தடுப்பு நடுவம் 2019-இல் ஒரு கணக்கினை வெளியிட்டது. இரண்டு முதல் ஐந்து வயதுள்ள மெக்சிக்க மரபுக் குழந்தைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பற்சொத்தை கண்டிருந்தது. அதே வயது வெள்ளையர் குழந்தைகளில் அது ஐவரில் ஒருவருக்கும் குறைவு. பெரியவர்களிடத்தும் இந்த வேறுபாடு தொடர்கிறது. 2009, 2010 ஆண்டுகளின் ஆய்வில், முப்பது வயதைக் கடந்த அமெரிக்கரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஈறுகளை அரிக்கும் நோய் காணப்பட்டது. மெக்சிக்க மரபினரில் அது மூவரில் இருவர் என்ற அளவில் இருந்தது.

பற்சொத்தை தவிர்க்க முடியாத விதியன்று. வாயில் வாழும் நுண்கிருமிகள் நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. ஃப்ளூரைடு கலந்த பற்பசையும் நீரும் அந்தக் கரைவைத் தடுக்கின்றன. கடைவாய்ப் பற்களின் குழிகளில் மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசினால், இரண்டு ஆண்டுகளில் அப்பற்களில் வரும் சொத்தையில் நூற்றுக்கு எண்பது பங்கினைத் தடுக்கலாம். வலியற்ற, செலவு குறைந்த முறை அது. ஆக, நோய்க்குக் காரணம் தெரியும். தடுக்கும் வழியும் தெரியும். தெரிந்த பின்னும் நோய் ஒரு சாராரிடம் மட்டும் குவிந்து கிடக்கிறதென்றால், குறையை மருந்தில் தேடுவதை விட்டு, மருந்து போய்ச் சேரும் பாதையில் தேடுவதே முறை.

2000-ஆம் ஆண்டில் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியாய் இருந்த டேவிட் சாட்சர், வாய் நலம் பற்றி முழுநீள அறிக்கை ஒன்றை வெளியிட்டார். ஏழையரிடையேயும் சிறுபான்மையினரிடையேயும் பல் நோய் ஓசையற்ற கொள்ளைநோய் போல் பரவியிருப்பதை அது எடுத்துக் காட்டிற்று. பல் தொடர்பான நோய்களால் ஆண்டுதோறும் 5 கோடியே 10 லட்சம் பள்ளி மணி நேரங்கள் வீணாகின்றன என்றும் அது கூறிற்று. பல் வலியோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைக்குக் கணக்கு எங்ஙனம் ஏறும்? கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டிருக்கும் பிள்ளையை மந்தமானவன் என்று எண்ணிவிடுவதும் எளிதன்றோ?

உடலினின்று பிரிக்கப்பட்ட வாய்

இந்நிலைக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1840-இல் பால்டிமோர் நகரில் உலகின் முதற் பல் மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. அது மருத்துவக் கல்லூரியின் ஒரு துறையாக அமையாமல் தனி நிறுவனமாக எழுந்தது. அன்று தொடங்கிய பிரிவு பின்னர் பணப்பையிலும் புகுந்தது. உடலின் மற்ற உறுப்புகளுக்கு ஒரு காப்பீடு, பல்லுக்கு மட்டும் வேறொரு காப்பீடு என்ற வழக்கம் வேரூன்றியது.

1965-இல் முதியோருக்கென மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீடு தோன்றியது. சாதாரணப் பல் மருத்துவத்தைச் சட்டமே அதற்குப் புறம்பாக்கிற்று. சில பெரிய சிகிச்சைகளுக்கு முன்பு செய்தே தீரவேண்டிய பல் மருத்துவத்தைத் தவிர, அந்த விலக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டமும் அதே ஆண்டில் பிறந்தது. அதில் குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் தரப்பட வேண்டும் என்பது கட்டாயம். பெரியவர்களுக்குத் தருவதும் தராததும் அந்தந்த மாநிலத்தின் விருப்பம்.

விருப்பத்திற்கு விடப்பட்டது, பணமுடை வரும்போது முதலில் வெட்டுப்படும் என்பதை எந்தக் குடும்பத் தலைவியும் அறிவாள். கலிபோர்னியா மாநிலத்தில் நடந்ததும் இதுவே. பொருளாதார நெருக்கடி வந்த 2009-இல் ஏழைப் பெரியவர்களுக்கான பல் மருத்துவ உதவியில் பெரும்பகுதி நிறுத்தப்பட்டது. 2014-இல் ஒரு பகுதி திரும்பிற்று. 2018-இல் தான் முழுமையாகத் திரும்பிற்று. பின்னர் அம்மாநிலம் ஒரு படி மேலே சென்று, குடியேற்ற ஆவணம் இல்லாத ஏழைகளையும் தன் மருத்துவத் திட்டத்தில் படிப்படியாகச் சேர்த்து, 2024-இல் எல்லா வயதினருக்கும் கதவைத் திறந்தது. ஆனால் 2025-இல் நிறைவேறிய வரவு செலவுத் திட்டம், அவர்களுள் பெரியவர்களுக்கான பல் மருத்துவத்தை 2026 ஜூலை முதல் நிறுத்துவதென முடிவு செய்தது. இதயத்திற்கும் கண்ணுக்கும் இடம் தேடியபோதும் பல்லே முதலில் வெளியே தள்ளப்பட்டது.

கத்தரி எல்லார்மேலும் விழுந்தாலும், காயம் எல்லாருக்கும் ஒரே அளவில் படுவதில்லை. 2023-இல் உழைக்கும் வயதுள்ள ஹிஸ்பானிக் மரபினரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு எந்த மருத்துவக் காப்பீடும் இல்லை. வயலிலும் கட்டட வேலையிலும் உணவகச் சமையற்கட்டிலும் உழைப்போருக்கு முதலாளி வழியாகக் காப்பீடு கிடைப்பது அரிது. ஆவணத்தோடு முறையாகக் குடியேறியவரும் மெடிகெய்ட் உதவி பெறப் பெரும்பாலும் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஐந்து ஆண்டுகள்! சொத்தைப் பல் ஐந்து மாதங்கள்கூடக் காத்திருக்காதே.

ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம்

புள்ளிவிவரங்களைச் சற்று ஒதுக்கிவிட்டு, கலிபோர்னியாவின் வயல்வெளி ஒன்றில் ஸ்டிராபெர்ரிப் பழம் பறிக்கும் ஒரு தாயை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். அவள் யாரோ ஒருத்தி அல்லள், ஆயிரக்கணக்கானோரின் நிழல்.

அவளுடைய மகள் இரவு முழுதும் பல் வலியால் அழுதிருக்கிறாள். தாய் ஒரு கிராம்பைக் கடிக்கக் கொடுத்து, உப்பு நீரில் கொப்பளிக்கச் செய்து, விடியும்வரை மடியில் கிடத்தியிருக்கிறாள். விடிந்ததும் வயலுக்குப் போகாவிட்டால் அன்றையக் கூலி இல்லை. அரசு உதவி அட்டை குழந்தைக்கு உண்டு. ஆயினும் அந்த அட்டையை ஏற்கும் பல் மருத்துவர் அருகில் இல்லை. நாடு முழுதும் பார்த்தாலும் மெடிகெய்ட் நோயாளிகளை ஏற்கும் பல் மருத்துவர்கள் பாதிக்கும் குறைவே. அரசு தரும் கட்டணம் தங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது மற்றவர்கள் கூறும் காரணம். தொலைவிலுள்ள மருத்துவரைக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தால், அங்கே அவள் மொழி அறிந்தவர் ஒருவரும் இல்லை. பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்து கிடக்கும் சிறுமியே எழுந்தமர்ந்து, தன் நோயைப் பற்றி மருத்துவர் சொல்வதைத் தாய்க்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. எட்டு வயதுக் குழந்தை சுமக்க வேண்டிய சுமையா அது?

அமெரிக்கப் பல் மருத்துவர்களில் ஹிஸ்பானிக் மரபினர் 2020-இல் நூற்றுக்கு ஆறு பேரளவே. மக்களிலோ நூற்றுக்குப் பத்தொன்பது. இந்த இடைவெளியின் பொருள் அந்தச் சிறுமியின் நாற்காலியில் தெரிகிறது.

'இனிப்புப் பானம் கொடுத்துப் பல்லைக் கெடுத்தது தாய் தானே?' என்று கேட்பாரும் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருப்பதை மறுப்பதற்கில்லை. இனிப்பு எந்த நாட்டுப் பல்லையும் விட்டு வைப்பதில்லை. எனினும் அந்தத் தாய் ஏன் குழாய் நீரைக் கொடுக்காமல் புட்டி நீரையும் பானத்தையும் வாங்குகிறாள் என்பதையும் கேட்க வேண்டும். குழாய் நீரை நம்பிக் குடிக்க இயலாத ஊர்களினின்று வந்தவள் அவள். வந்து சேர்ந்த இடத்திலும், டெக்சாஸ் எல்லைப்புறக் குடியிருப்புகள் சிலவற்றில் நல்ல குடிநீர்க் குழாயே நெடுங்காலம் இல்லை. பெரும்பாலான புட்டி நீரில் பல்லைக் காக்கும் அளவு ஃப்ளூரைடு இருப்பதில்லை. பிள்ளைக்கு நோய் வரக்கூடாதே என்ற அன்பினால் செய்ததே பல்லுக்குத் துணையில்லாமற் செய்துவிடுகிறது. குற்றம் கூறுவது எளிது. அவள் தாய்மொழியில் அருகமர்ந்து எடுத்துச் சொல்ல ஒருவர் வந்ததுண்டா என்று கேட்பதே அறம்.

எல்லையின் இரு பக்கமும்

அரிசோனா மாநிலத்தின் யூமா நகருக்கு அண்மையில், மெக்சிக்கோ எல்லைக்குள் லாஸ் அல்கொதோனெஸ் என்றொரு சிற்றூர் உண்டு. சில ஆயிரம் பேரே வாழும் அவ்வூரில் பல் மருத்துவர் மட்டும் சில நூறு பேர். கடைவாய்ப்பல் நகரம் என்றே அதற்குப் பட்டப் பெயர். தம் நாட்டில் பல் கட்டப் பணமில்லாத அமெரிக்கர்கள், சிறப்பாக ஓய்வு பெற்ற முதியோர், நாள்தோறும் நடந்தே எல்லையைக் கடந்து அங்கே போய்ப் பல் கட்டிக்கொண்டு திரும்புகின்றனர். உலகின் பெருஞ்செல்வ நாடு தன் முதியோரின் பல்லை அயல்நாட்டு மருத்துவரிடம் ஒப்படைத்திருக்கும் காட்சி இது.

இதில் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கக் குடிமகன் அந்த எல்லையைக் காலையில் கடந்து மாலையில் திரும்பலாம். ஆவணமின்றி அமெரிக்க வயலில் உழைக்கும் மெக்சிக்கத் தொழிலாளி அவ்வாறு போய் வர இயலாது. போனால் திரும்ப வழியில்லை. தன் தாய்நாட்டு மருத்துவர், தன் தாய்மொழியில், தனக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில், சில மைல் தொலைவில் இருக்கிறார். ஆயினும் அவர் கதவு தன் முதலாளிக்குத் திறக்கும், தனக்குத் திறக்காது.

பல்லென்ன, உயிரா போகப்போகிறது என்று எவரும் அலட்சியம் செய்ய வேண்டாம். 2007 பிப்ரவரியில் மேரிலாந்து மாநிலத்தில் பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். சொத்தைப் பல்லின் சீழ் மூளைவரை பரவியிருந்தது. அந்தப் பல்லைப் பிடுங்க ஏறத்தாழ 80 டாலர் போதும். குடும்பத்தின் அரசு உதவி இடையில் அறுபட்டிருந்தது. அறுவைச் சிகிச்சை இரண்டு செய்தும், ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர் செலவிட்டும் பிள்ளையைக் காக்க இயலவில்லை. அவன் ஹிஸ்பானிக் மரபினன் அல்லன். எனினும் ஏழ்மையின் வாசலில் எல்லா இனத்தின் பிள்ளைகளும் ஒரே வரிசையில் தான் நிற்கின்றனர். அவன் மறைவு நாட்டின் மனச்சான்றைத் தட்டிற்று. குறைந்த வருவாயுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கான காப்பீட்டுத் திட்டத்தில் பல் மருத்துவத்தையும் சேர்த்தே ஆகவேண்டும் என 2009-இல் சட்டம் வந்தது. ஒரு தாயின் கண்ணீர் இலட்சக்கணக்கான தாய்மார்க்கு உதவிற்று. ஆயினும் அந்தக் கண்ணீர் சிந்தப்படாமலே அச்சட்டம் வந்திருக்கக் கூடாதா?

சமம் வேறு, நேர்மை வேறு

இங்கே ஒரு சொல்லை நாம் தெளிவாக்கிக்கொள்வது நன்று. எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பது சமம். அவரவர் தேவைக்கேற்ப, குறை நிரம்பும் வரை கொடுப்பது நேர்மைப் பங்கீடு. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், அன்றிரவு தாயின் மடி அந்தப் பிள்ளைக்கே. மற்ற மூவரும் அதனை ஓரவஞ்சனை என்று சொல்வதில்லை. நாளை தமக்குக் காய்ச்சல் வந்தால் அதே மடி தமக்கும் கிடைக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். குடும்பம் அறிந்த இந்த நீதியை நாடும் அறிய வேண்டும் என்பதே பல் மருத்துவத்தில் நேர்மைப் பங்கீடு கோருவோரின் கோரிக்கை.

அந்த வழியில் நடந்த நல்ல முயற்சிகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. இடம்விட்டு இடம் பெயரும் உழவுத் தொழிலாளருக்கு மருத்துவ நிலையங்கள் அமைக்க 1962-இல் சட்டம் இயற்றப்பட்டது; அதிபர் கென்னடி அதில் கையெழுத்திட்டார். 1965 முதல் ஏழையர் வாழும் பகுதிகளில் சமுதாய நல நிலையங்கள் தோன்றின. அங்கே வருவாய்க்கு ஏற்பக் கட்டணம், இல்லாதவருக்குக் குறைவு. இன்று அவற்றில் பலவும் பல் மருத்துவமும் செய்கின்றன. ஸ்பானிய மொழி பேசும் பணியாளரையும் வைத்துள்ளன. மின்னசோட்டா மாநிலம் 2009-இல் பல் சிகிச்சையாளர் என்னும் இடைநிலைப் பணியாளருக்குச் சட்டம் வழி உரிமை அளித்தது. எளிய சொத்தையை அடைத்தல், பால்பல் பிடுங்குதல் போன்றவற்றை அவர்கள் செய்வதால், மருத்துவர் எட்டாத இடங்களுக்கும் உதவி எட்டுகிறது. பள்ளிக்கே கருவிகளைக் கொண்டு சென்று கடைவாய்ப் பற்களுக்குப் பூச்சுப் பூசும் திட்டங்கள் பல மாநிலங்களில் நடைபெறுகின்றன. குழந்தை மருத்துவரிடம் போகவேண்டியதில்லை. மருத்துவம் குழந்தையிடம் வருகிறது.

இவை எல்லாவற்றிலும் நம் உள்ளத்தைக் கவர்வோர் 'புரொமொத்தோரா' என்று அழைக்கப்படும் பெண்களே. இவர்கள் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். அந்தந்தத் தெருவில், அந்தந்த மக்களிடையே வாழ்கின்ற தாய்மார்கள். சிறு பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று, ஆலய முற்றத்திலும் சந்தையிலும் நின்று, தம் மக்களுக்குத் தம் மொழியில் நலம் பேசுகின்றனர். குழந்தையைப் பால்புட்டியோடு உறங்க வைக்க வேண்டாம் என்கின்றனர். எந்த நிலையத்தில் எந்த அட்டை செல்லும் என்று கூறுகின்றனர். அச்சத்தோடு இருக்கும் தாயின் கையைப் பிடித்து அழைத்தும் செல்கின்றனர். ஒரு மக்களின் பாரம்பரியம் என்பது இதுவன்றோ? ஆடலும் பாடலும் அதன் மலர்கள். அயல்வீட்டாளின் பிள்ளையைத் தன் பிள்ளையாய் எண்ணும் நெஞ்சமே அதன் வேர்.

அந்த வேரின் வலிமையை உலகம் ஒருமுறை கண்டதுண்டு. 1965-இல் கலிபோர்னியாவின் தெலானோ ஊரில் பிலிப்பைன்ஸ் நாட்டுத் திராட்சைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கினர். சில நாட்களில் மெக்சிக்க மரபுத் தொழிலாளரும் அவர்களோடு சேர்ந்தனர். 1966-இல் தவக்காலத்தில் அவர்கள் மாநிலத் தலைநகர் சாக்ரமெந்தோவை நோக்கி முந்நூறு மைல் அளவு நடந்து, உயிர்ப்புத் திருநாளன்று அங்கே அடியெடுத்து வைத்தனர். ஊர்வலத்தின் முன்னால் குவாதலூப்பே அன்னையின் கொடி சென்றது. அவர்கள் பிச்சை கேட்கவில்லை. பழம் பறிக்கும் கைகளுக்கு உரிய கூலியும், மனிதருக்குரிய மதிப்பும் கேட்டனர். பல் நலம் கேட்கும் இன்றைய குரலும் அந்த ஊர்வலத்தின் தொடர்ச்சியே. நாட்டின் உணவு மேசைக்குத் திராட்சையும் ஸ்டிராபெர்ரியும் அனுப்பும் மக்கள், தம் மேசையில் அமர்ந்து வலியின்றி மெல்ல வேண்டும் என்று கேட்பது பேராசையா?

அன்புக்குரிய வாசகர்களே, அயல்நாட்டுச் செய்தியை நாம் இத்தனை விரிவாக எழுதியது, 'அங்கேயும் அப்படித்தானா?' என்று வியந்துவிட்டு ஏட்டை மூடுவதற்காக அன்று. ஒரு நாடு ஒரு மக்களை மதிக்கிறதா என்று அறிய, மேடையில் அவர்களுக்கு எத்தனை மாலை விழுந்தது என்று எண்ணிப் பயனில்லை. அவர்தம் குழந்தையின் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். பாராட்டுவோர் பலர், பல்லைப் பார்ப்போர் சிலரே. வலியை மறைத்துச் சிரிக்கப் பழகிவிட்ட வாய், விழா மேடையில் நிழற்படத்திற்கும் அழகாகவே சிரிக்கும்.

கொலோமா அடிகளின் எலியார் இன்று வந்தால் எவ்வழியே செல்வார்? பளிங்குத் தரையுள்ள வீட்டிலும் ஒரு பல் எடுப்பார். வயலோரத் தகரக் கொட்டகையிலும் ஒரு பல் எடுப்பார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். ஒன்று முத்துப்போல் வெண்மையாய் இருக்கும். மற்றொன்று கறுத்து நடுவே குழிந்திருக்கும். இரண்டும் ஆறு வயதுக் குழந்தையின் பற்கள். இரண்டுக்கும் அவர் ஒரே நாணயத்தைத் தான் வைப்பார். ஆனால் கறுத்த பல்லைப் பார்த்த பின்பு, சிறுவ அரசரின் கையைப் பிடித்து மீண்டும் ஒருமுறை அந்தக் கொட்டகைக்கு அழைத்து வராமல் இருக்கமாட்டார். வந்து கண்ட அரசர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பதே மிச்சமுள்ள கதை.